ஹட்டனில் விற்றது பண்டாரவளையில் எப்போது தெரிய வேண்டும்?

போன வருஷம் ஒரு மழைநாள். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் அண்ணன் நுவரெலியா கடைக்கு வந்தார். டிரையர் காற்றாடியில் பெயாரிங் போய்விட்டது, 6310, உள்வட்டம் 50 மில்லிமீற்றர். வாட்டின கொழுந்து தொட்டியில் கிடக்கிறது. கவுண்டரில் தேடிப் பார்த்தார்கள்: நுவரெலியாவில் இல்லை, ஹட்டனில் இல்லை, பண்டாரவளையில் 2. வெலிமடை வழியாக பஸ் பிடித்துப் போனார். இரண்டும் அன்று காலையிலேயே விற்றுப் போயிருந்தன. திரும்பி வந்து என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஏன் தங்கச்சி, இல்லாத சாமானை எதுக்கு ஸ்க்ரீன்ல காட்டுறீங்க?"

அந்தத் தேடல் பெட்டியைச் செய்தவள் நான். எங்கள் முதலாளிக்கு ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று மூன்று இடத்தில் உதிரிப்பாகக் கடை. தொழிற்சாலை மெஷின், லொறி, த்ரீவீலர், தண்ணீர் மோட்டார் என்று 38,000 சொச்சம் சாமான். கூடவே மெஷின் கையேடுகளின் எழுத்தும் இன்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) கிடப்பதால் மொத்தம் 420 எம்பி. இதை ஒரு சேர்வரில் புதுப்பித்து, மற்றச் சேர்வர்களுக்கு நகல் அனுப்பி, எல்லா இடத்திலும் "இப்போது உள்ளது" தெரியும்படி வைப்பது எப்படி என்று பிட்டர் அண்ணனின் பஸ் காசில் கற்றுக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பாவிப்பது அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருள். அதன் அடியில் ஓடும் தேடல் இயந்திரம் லூசீன். (பெயரைச் சொன்னதும் முதலாளி கூரையில் பேனல் பூட்டப் போகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் வெட்டிய காலம் யாருக்கும் மறக்காது.) லூசீன் மேலேயே ஓடும் எலாஸ்டிக்சேர்ச் பாவிப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான். கடைசிப் பக்கம் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

கூடையும் தராசும்

என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். சேர்த்த பதிவை ஏற்றுக்கொள்வதைச் சோலரில் கமிட் என்பார்கள். அதன் இரண்டு விதமும் அவரை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

மலையில் நிற்கும்போது கூடையில் கொழுந்து இருக்கிறது. கங்காணி எட்டிப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும். ஆனால் மடுவத்துக்குக் கொண்டுவந்து, தராசில் நிறுத்து, செக்ரோல் பதிவேட்டில் ஏற்றினால்தான் அது கணக்கு. லொறி ஏற்றிக்கொண்டு போவதும் நிறுத்த கொழுந்தைத்தான். மலையில் கூடையோடு நிற்பவளிடம் லொறி வராது.

சொஃப்ட் கமிட் என்பது கூடையை எட்டிப் பார்ப்பது. புதிதாகச் சேர்த்த ஆவணத்தை (ஒரு சாமானின் பதிவை) அந்தச் சேர்வரின் தேடலில் உடனே தெரியவைக்கும். ஆனால் வட்டில் உறுதியாகப் பதிக்காது. ஹார்ட் கமிட் என்பது நிறுத்து எழுதுவது: செக்மென்ட் கோப்புகள் (இன்டெக்ஸின் துண்டுகள்) வட்டில் பதிந்து, புதிய கமிட் புள்ளி ஒன்று எழுதப்படும். நகலெடுப்பு என்ற லொறி ஏற்றிச் செல்வது இந்தக் கமிட் புள்ளியை மட்டும்தான்.

சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. தாய் சேர்வரில் (எழுதும் ஹட்டன் சேர்வரில்) 1 விநாடிக்கு ஒரு சொஃப்ட் கமிட் வைத்துவிட்டு "எல்லாம் உடனுக்குடன்" என்று நினைத்துக்கொள்வோம். ஹட்டனில் அது உண்மை. பண்டாரவளைக்கு அதில் ஒன்றும் போகாது. நான் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன். செயலியில் கமிட்-விதின் என்று ஒரு வசதி உண்டு, "இத்தனை விநாடிக்குள் தெரியவை" என்று ஒவ்வொரு பதிவோடும் சொல்லி அனுப்பலாம். சோலர் 4இலிருந்து அதுவும் இயல்பாகச் சொஃப்ட் கமிட்தான் செய்யும். அதை நம்பி இருந்தாலும் பிள்ளைகளுக்குப் புதிய பதிவு போகாது.

தாய், பிள்ளை என்பவை நான் வைத்த பெயர்கள். எழுதும் சேர்வர் தாய், நகல் வாங்கும் சேர்வர் பிள்ளை. முன்பு சோலரில் இவற்றை மாஸ்டர், ஸ்லேவ் என்றார்கள், இப்போது லீடர், ஃபொலோவர். துரை, கூலி என்று கேட்டு வளர்ந்த குடும்பம் நாங்கள். அந்தப் பெயர் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதலில் கேட்க வேண்டியது

கோப்பில் கை வைக்கும் முன் ஒரு தாளை எடுத்து, எந்தத் தகவல் எந்தக் கடையில் எவ்வளவு பிந்தித் தெரிந்தால் பரவாயில்லை என்று எழுதுங்கள். எங்களுடையது இப்படி வந்தது. புதிய சாமானின் பெயர், அளவு, எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்ற விபரம்: அரை மணி நேரம் பிந்தினாலும் யாருக்கும் நட்டம் இல்லை. விலை: ஐந்து நிமிடம். இருப்பு எண்ணிக்கை: பிந்தவே கூடாது.

எழுதிப் பார்த்ததும்தான் கண்ணில் பட்டது. நாளுக்கு 600 தடவை இன்டெக்ஸ் மாறுவது இருப்பு எண்ணிக்கையால். ஒவ்வொரு பில்லுக்கும் 2 என்பது 1 ஆகிறது, 1 என்பது 0 ஆகிறது. அந்த ஒரு எண்ணுக்காக முழு ஆவணத்தையும், கையேட்டு எழுத்து உட்பட, திரும்ப இன்டெக்ஸ் செய்கிறோம். லூசீனில் செக்மென்ட் எழுதினால் எழுதியதுதான், அதற்குள் திருத்த முடியாது. பழைய ஆவணத்துக்கு "அழிந்தது" என்று குறி போட்டுவிட்டுப் புதியதை இன்னொரு செக்மென்டில் எழுதும். அடிக்கடி மாறும் ஒரு எண்ணை, அரிதாக மாறும் ஒரு பெரிய எழுத்துக் குவியலோடு கட்டிப்போட்டிருந்தேன்.

ஆகவே முதல் வேலை, இருப்பு எண்ணை இன்டெக்ஸிலிருந்து வெளியே எடுங்கள். எங்களிடம் இப்போது தேடல் சாமானைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும். பண்டாரவளைப் பிள்ளை சேர்வர் பத்து முடிவு கொடுத்ததும், அந்தப் பத்துச் சாமான் இலக்கத்தை மட்டும் செயலி ஹட்டன் டேட்டாபேஸுக்கு அனுப்பி, மூன்று கடை இருப்பையும் வாங்குகிறது. 800 மில்லிவிநாடிக்குள் பதில் வந்தால் எண் கறுப்பில். வராவிட்டால் கடைசியாகத் தெரிந்த எண் சாம்பல் நிறத்தில், பக்கத்தில் நேரத்தோடு: "2, காலை 9.40க்கு". சாம்பல் எண்ணைக் கண்டால் போன் எடுத்துக் கேட்காமல் வாடிக்கையாளரை அனுப்பக் கூடாது என்பது கடைச் சட்டம். பிட்டர் அண்ணனுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராமல் இருப்பதற்கு இந்தச் சாம்பல் நிறம் செய்த உதவி, நான் மாற்றிய எந்த விநாடிக் கணக்கும் செய்யவில்லை.

தனியாக டேட்டாபேஸ் இல்லாதவர்கள் தாய் சேர்வரிடமே ரியல்டைம் கெட் மூலம் கேட்கலாம். இலக்கத்தைக் கொடுத்தால், இன்னும் கமிட் ஆகாத புதிய மதிப்பைக்கூட டிரான்ஸாக்ஷன் லொக் என்ற பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். புதிய சேர்ச்சர் (இன்டெக்ஸைத் திறந்து தேடும் பகுதி) திறக்கத் தேவையில்லை. அந்த லொக் (கோப்பில் அப்டேட் லொக்) இயக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இருப்பவற்றை மட்டும் காட்டு" என்ற வடிகட்டி வேண்டுமே என்று கவுண்டர் அண்ணன் சண்டை பிடித்தார். நியாயம். எண்ணுக்குப் பதிலாக "இருக்கு" அல்லது "இல்லை" என்ற ஒரு கொடியை மட்டும் இன்டெக்ஸில் வைத்தேன். 40 பெல்ட் 39 ஆனால் கொடி மாறாது. 1 என்பது 0 ஆனால்தான் மாறும், சரக்கு வந்து 0 ஏறினால் மாறும். நாளுக்கு 600 ஆக இருந்த மாற்றம் 40, 50க்கு இறங்கியது. கொடி இரண்டு நிமிடம் பிந்தினாலும் பக்கத்தில் நிற்கும் எண் சரியாக இருக்கும்.

தாய் சேர்வரில் செய்வது

ஹட்டன் சேர்வரின் சோலர் கொன்ஃபிக் கோப்பில் அப்டேட் ஹான்ட்லர் பகுதிக்குப் போங்கள். ஆட்டோ கமிட் 60,000 மில்லிவிநாடி, அதில் ஓபன்-சேர்ச்சர் ஃபோல்ஸ். ஆட்டோ சொஃப்ட் கமிட் 2,000. அதாவது ஹட்டன் கவுண்டரில் சேர்த்தது 2 விநாடியில் ஹட்டனில் தெரியும், 60 விநாடிக்கு ஒருமுறை வட்டில் பதிந்து லொறிக்குத் தயாராகும். ஓபன்-சேர்ச்சரை மூடி வைப்பது முக்கியம். தெரியவைக்கும் வேலையைச் சொஃப்ட் கமிட் பார்த்துக்கொள்வதால் ஹார்ட் கமிட்டும் சேர்ச்சர் திறந்து கேஷை (நினைவில் வைத்த தேடல் முடிவுகளை) கொட்ட வேண்டியதில்லை.

புதிய சேர்ச்சர் திறந்தால் பழைய கேஷ் எல்லாம் போய்விடும். அதைத் திரும்பச் சூடாக்க ஆட்டோவோர்ம் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2 விநாடிக்கு ஒரு சேர்ச்சர் திறக்கும் தாயில் அதை 0 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று சூடாகி முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். லொக்கில் "ஓவர்லப்பிங் ஒன்டெக் சேர்ச்சர்ஸ்" என்ற எச்சரிக்கை வந்தால் காரணம் அதுதான். அந்த வரியைக் கண்டு மேக்ஸ் வோர்மிங் சேர்ச்சர்ஸ் எண்ணை 2இலிருந்து 8 ஆக்கினேன் ஒருமுறை. எச்சரிக்கை நின்றது, சேர்வரும் நின்றது. உண்மையான குற்றவாளி எங்கள் பில் செயலி. ஒவ்வொரு பில்லுக்கும் கமிட் ட்ரூ என்று சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. செயலியிலிருந்து கமிட்டை முழுதாக எடுத்துவிடுங்கள். கமிட் செய்வது சேர்வரின் வேலை.

பிறகு நகலெடுப்பைப் பார்க்கும் ரெப்ளிகேஷன் ஹான்ட்லர். ரெப்ளிகேட்-ஆஃப்டர் என்பதில் கமிட், ஸ்டார்ட்அப் இரண்டும் போடுங்கள். ஒப்டிமைஸ் போடாதீர்கள். அதன் கதை கீழே வருகிறது.

கமிட்-ரிசர்வ்-டியூரேஷன் என்ற ஒன்றை எல்லோரும் தாண்டிப் போவார்கள். இயல்பில் அது 10 விநாடி. பிள்ளை ஒரு கமிட் புள்ளியின் கோப்புகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, தாய் அடுத்த கமிட் செய்து பழைய கோப்புகளை அழித்துவிடாமல் எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் இது. ஒரே அறைக்குள் கேபிளில் இருக்கும் சேர்வர்களுக்கு 10 விநாடி தாராளம். ஹக்கலைப் பக்கம் முகில் இறங்கி 4ஜி ஒரு கோட்டில் நிற்கும் நேரத்துக்கு அது போதாது. பாதியில் கோப்பு காணாமல் போய், பிள்ளை இறக்கியதை வீசிவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும். 00:02:00 என்று வைத்த பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

பிள்ளை சேர்வரில் செய்வது

பிள்ளைக்குத் தாயின் முகவரியும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தால் போதும். கேட்கும் இடைவெளியை மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் எழுத வேண்டும். இரண்டு கடைக்கும் 00:01:00 வைத்திருக்கிறேன். பிள்ளை கேட்பது "உன் வேர்ஷன் என்ன?" என்ற சின்னக் கேள்விதான். மாறியிருந்தால் தன்னிடம் இல்லாத கோப்புகளை மட்டும் இறக்கும், முடிந்ததும் தன் சேர்ச்சரைப் புதிதாகத் திறக்கும்.

இதை வைத்துப் பிந்தலைக் கணக்கிடலாம். ஹார்ட் கமிட்டுக்குக் காத்திருப்பது அதிகபட்சம் 60 விநாடி. பிள்ளை வந்து கேட்கும்வரை அதிகபட்சம் 60. அதற்கு மேல் இறக்கும் நேரம். சராசரிக்கு இரண்டிலும் பாதி பாதி. ஒரு கணக்குத்தானே என்று விடாமல் அளந்து பாருங்கள். ஹட்டனில் "சோதனை" என்ற பெயரில் ஒரு பொய்ச் சாமானைச் சேர்த்து, நுவரெலியாவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் விநாடிக்கு ஒருமுறை அதைத் தேடும்படி விட்டேன். 20 தடவை பார்த்ததில் குறைந்தது 14 விநாடி, கூடியது 2 நிமிடம் 6 விநாடி. பண்டாரவளையில் மழை பெய்த ஒரு பின்னேரம் 4 நிமிடத்தைத் தாண்டியது.

இரண்டையும் 5 விநாடி ஆக்கினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கிளைக் கடைகளில் இருப்பது 4 ஜீபி நினைவகமுள்ள பழைய கம்ப்யூட்டர்கள். சின்ன மாற்றம் ஒவ்வொன்றுக்கும் கேஷ் காலியாகி, எந்தத் தேடலும் சூடான கேஷைக் காணாமல், கண் சிமிட்டும் நேரத்தில் வந்த பதில் ஒரு விநாடிக்கு இழுத்தது. கவுண்டர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "புள்ள, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, என்ன செஞ்ச?" என்றார். அன்றைக்கே திருப்பி வைத்தேன். பிள்ளையில் சேர்ச்சர் அடிக்கடி திறக்காது என்பதுதான் அதன் பலம். அதனால் அங்கே ஆட்டோவோர்மை 32 வரை வைக்கலாம். நியூ-சேர்ச்சர் லிஸனரில் கடையில் தினமும் கேட்கும் ஐந்தாறு தேடலையும் எழுதிவிடுங்கள். எங்களுடையது: வீ பெல்ட், பெயாரிங், ஒயில் சீல், பிரேக் ஷூ, வாசர்.

சொல்லிணைக் கோப்பையும் நகலோடு அனுப்பலாம். பேரிங், பெயாரிங், போல்பெயாரிங் மூன்றும் ஒன்று என்று ஒரு கோப்பில் எழுதி, அதன் பெயரைத் தாயின் கொன்ஃப்-ஃபைல்ஸ் வரியில் சேர்த்தால் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் இன்டெக்ஸ் மாறும்போதுதான் அதுவும் கூடவே போகும். சொல்லை மட்டும் திருத்திவிட்டு ஏன் போகவில்லை என்று தலையைப் பிய்க்காதீர்கள், ஒரு பொய்ச் சாமானைச் சேர்த்து விடுங்கள்.

கம்ப்ரெஷன் என்று ஒரு தெரிவு பிள்ளைப் பக்கத்தில் உண்டு, மெல்லிய இணைப்புக்கு என்றே வைத்தது. போட்டுப் பார்த்தேன், எங்களுக்குச் சொல்லும்படியாக ஒன்றும் குறையவில்லை. லூசீன் சேமிக்கும் புலங்களை ஏற்கெனவே சுருக்கித்தான் வைக்கிறது. சோலரின் 8983 போர்ட்டை ஒருநாளும் வெளி இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். மூன்று கடைக்கும் நடுவே வயர்கார்ட் என்ற தனிப் பாதை போட்டு அதற்குள் ஓட விட்டிருக்கிறேன்.

420 எம்பி, தினமும்

இப்போது ஒப்டிமைஸ் கதை. ஆரம்பத்தில் எங்கேயோ "ஒப்டிமைஸ் செய்தால் தேடல் வேகமாகும்" என்று படித்துவிட்டு, இரவு 11 மணிக்கு ஓடும்படி வைத்தேன். ஒப்டிமைஸ் என்றால் எல்லாச் செக்மென்டையும் ஒன்றாக உருக்கி வார்ப்பது. உள்ளே உள்ளது மாறாது, ஆனால் கோப்பு முழுக்கப் புதிது. பிள்ளையின் கண்ணில் தன்னிடம் உள்ள ஒரு கோப்பும் பொருந்தாது. ஆகவே 420 எம்பியும் மறுபடி இறங்கும்.

கிளைக் கடைகளில் இரவில் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுவார்கள். காலை எட்டரைக்குச் சட்டர் தூக்கி ஓன் செய்ததும், முதல் வேலையாக அது 420 எம்பியை இழுக்கத் தொடங்கும். அதே 4ஜியில்தான் பில் செயலியும் ஓடுகிறது. இருபது நிமிடம் ஒரு பில்லும் போகாது. மாதம் 18ஆம் திகதி டேட்டா பக்கேஜ் முடிந்தது. பண்டாரவளைப் பையன்கள் படம் பார்க்கிறார்கள் என்று முதலாளி ஏசினார். இரண்டு கிழமை அவர்கள் திட்டு வாங்கிய பிறகுதான் நான் கணக்குப் போட்டேன்: நாளுக்கு 420, மாதத்துக்கு 12 ஜீபிக்கு மேல், ஒரு கடைக்கு. போய் மன்னிப்புக் கேட்டேன். ஆளுக்கு ஒரு ரோல்ஸும் டீயும் வாங்கிக் கொடுக்க வைத்தார்கள்.

ஒப்டிமைஸை நிறுத்தினாலும் மெர்ஜ் தானாக நடக்கும். டியர்ட் மெர்ஜ் பொலிஸி சின்னச் செக்மென்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும். அது நல்லதுதான், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் குவியும். ஆனால் மெர்ஜ் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே அனுப்பிய ஆவணம் வேறு கோப்பில் ஏறித் திரும்பவும் கம்பியில் போகிறது. ஒரு செக்மென்ட் எவ்வளவு பெரிதாகலாம் என்ற எல்லை இயல்பில் 5 ஜீபி. எங்கள் மொத்தமே 420 எம்பி என்பதால் அந்த எல்லை எங்களுக்கு இல்லாத மாதிரித்தான். 50 எம்பிக்குக் குறைத்தேன். நிரம்பிய பழைய செக்மென்ட், அழிந்த குறிகள் அதிகமாகும்வரை அசையாமல் கிடக்கும், நாளாந்த மாற்றம் சின்னச் செக்மென்டுகளுக்குள் சுற்றும். தேடலுக்குச் செக்மென்ட் கொஞ்சம் கூடுதல். கவுண்டரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மொத்த விலை மாற்றம் வேறு சங்கதி. 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து 360ஐத் தாண்டி ஏறியபோது, சில கிழமைகளில் 38,000 சாமானுக்கும் இரண்டு தடவை விலை மாற்றினோம். அப்படியான நாளில் பிள்ளைகளில் டிஸேபிள்-போல் கட்டளையைக் கொடுத்துக் கேட்பதை நிறுத்துங்கள். தாயில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள், மெர்ஜ் ஓயட்டும், ஒரு ஹார்ட் கமிட். கடை மூடும் நேரம் பிள்ளையில் ஃபெச்-இன்டெக்ஸ் என்று ஒரே தடவை இழுத்து, பிறகு இனேபிள்-போல். வட்டில் இன்டெக்ஸின் இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழு நகல் இறங்கும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

ஏன் கிளவுட் இல்லை

சேர்வர்களைத் தானே ஒருங்கிணைக்கும் சோலர்கிளவுட் முறையை ஏன் போடவில்லை என்று கம்பஸில் படிக்கும் என் பெரியம்மா மகன் கேட்டான். ஒரே அறையில் நாலு சேர்வர் இருந்தால் அதைத்தான் போடுவேன். 7ஆம் பதிப்பில், 2017இல், மூன்று வகை நகல் வந்தது. என்ஆர்டி வகையில் ஒவ்வொரு நகலும் பதிவை வாங்கித் தானே இன்டெக்ஸ் செய்யும்: வேகமாகத் தெரியும், எல்லாச் சேர்வரும் ஒரே வேலையைச் செய்யும், கமிட் நேரம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகுவதால் ஒரே தேடலுக்கு இரண்டு சேர்வர் இரண்டு பதில் சொல்லலாம். டிலொக் வகை பதிவை லொக்கில் எழுதிக்கொண்டு கோப்பை லீடரிடமிருந்து வாங்கும், லீடர் விழுந்தால் அதன் இடத்துக்கு வரும். புல் (pull) வகை கோப்பை இழுத்து வாங்குவதோடு சரி. டிலொக்கும் புல்லும் கேட்கும் இடைவெளி ஆட்டோ கமிட் நேரத்தில் பாதி, ஆகவே அங்கே ஆட்டோ கமிட்டை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும்.

எங்கள் மூன்று கடைக்கு நடுவே மலை இருக்கிறது. சோலர்கிளவுட்டில் சேர்வர்களை ஒருங்கிணைக்கும் ஜூகீப்பருக்குப் பெரும்பான்மை வேண்டும், மூன்றில் இரண்டு எப்போதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடத்தில் நகல்கள் நாள் முழுதும் மீட்சியிலேயே கிடக்கும். பழைய தாய் பிள்ளை முறையில் லைன் போனால் பிள்ளை தன்னிடம் உள்ளதை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், லைன் வந்ததும் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். கிளையில் நகல் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

எலாஸ்டிக்சேர்ச்காரர்களுக்கு: சொஃப்ட் கமிட்டின் இடத்தில் உங்களுக்கு ரிஃப்ரெஷ், இயல்பில் 1 விநாடி. கேட்பவர் இல்லாவிட்டால் 30 விநாடியில் அது தானாக ஓய்ந்துவிடும். ஆனால் இடைவெளியை நீங்களாக எழுதி வைத்தால் அந்த ஓய்வு கிடைக்காது. மொத்தமாகப் பதிவுகளை ஏற்றும் நேரத்தில் 30 விநாடிக்கு உயர்த்துங்கள். அங்கே பிரதிகள் ஆவணத்தை வாங்கித் தாமே இன்டெக்ஸ் செய்வது வழக்கம். கோப்பாக வாங்கும் முறை அதிலிருந்து பிரிந்த ஓபன்சேர்ச்சில் 2023இல், 2.7 பதிப்பில், முழுமையாக வந்தது.

கறண்ட் போனால், சேர்வர் போனால்

டிரான்ஸாக்ஷன் லொக் இருக்கிறதே, எதுவும் தொலையாது என்று நம்பாதீர்கள். இயல்பான அமைப்பில் சோலர் அந்த லொக்கை இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். வட்டில் பதிந்ததா என்று காத்திருக்காது. சோலர் மட்டும் விழுந்தால் மீளும். யூபிஎஸ்ஸும் செத்துப் பெட்டியே அணைந்தால் கடைசிச் சில விநாடி போகலாம். அதனால் ஹட்டன் சேர்வர் எழும்பும் ஒவ்வொரு தடவையும், டேட்டாபேஸில் கடந்த 10 நிமிடத்தில் மாறியவற்றைத் திரும்ப அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓடும். இருமுறை அனுப்புவதால் கெடுதல் இல்லை, ஒரே இலக்கம் பழையதை மாற்றிக்கொள்ளும்.

பிள்ளைகளைக் கவனிக்க ரெப்ளிகேஷன் முகவரியில் டீடெயில்ஸ் கட்டளை போதும். தாயின் வேர்ஷனும் பிள்ளையின் வேர்ஷனும், கடைசியாக எப்போது வெற்றி, எப்போது தோல்வி எல்லாம் வரும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கவுண்டர் திரையின் அடியில் போட்டிருக்கிறேன்: "பட்டியல் புதுப்பித்தது 10.42". பத்து நிமிடத்துக்கு மேல் பழசானால் சிவப்பாகும். இப்போது எனக்கு முன்னே கவுண்டர் அண்ணன் பார்த்துவிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்.

கடைசியாக, தாய் சேர்வரில் வட்டு மாற்றுவது, சோலரைப் புதிதாகப் போடுவது என்று எந்தப் பெரிய வேலைக்கும் முன்னே பிள்ளைகளில் டிஸேபிள்-போல் கொடுங்கள். தாய் வெறும் இன்டெக்ஸோடு எழும்பி நிற்கும் நேரத்தில் பிள்ளை வந்து கேட்டால், அந்த வெறுமையையும் நகலெடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நான் இப்போது செய்வது இதுதான்: வேலை முடிந்ததும் தாயில் எல்லாவற்றையும் தேடும் தேடலைக் கொடுத்து மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பேன், டேட்டாபேஸ் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன். பிறகு 6310 என்று தேடுவேன். அது வந்தால் முதலில் நுவரெலியாவுக்கு இனேபிள்-போல், அங்கே சரியாக இறங்கியதா என்று பார்த்துவிட்டு அரை மணி கழித்துப் பண்டாரவளைக்கு.